ஒற்றைக்காலில் குந்திப்போன சம்பந்தி

உப்புச் சர்க்கரை மாற்றி முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது என்று பூவாத்தாளிடம் அவள் தம்பி பழனிவேல் சத்தியம் வாங்கியிருந்தான். கோபிப் பக்கத்தில் அவர்கள் வகையறாவுக்குக் கல்யாணப் பேச்சு உறுதியாவது அந்தச் சடங்கில்தான். இரண்டு வீட்டாரும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து உப்பும் சர்க்கரையும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை பேசியதெல்லாம் வெறும் பழமை, வாய்ப்பேச்சு. மாற்றிவிட்டால் அப்புறம் வானம் இடிந்து விழுந்தாலும் கல்யாணம் நிற்காது. "அதுக்குப் பொறவு நீ எவன வேணும்னாலும் கிழிச்சுத் தோரணம் கட்டுக்கா, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றான் தம்பி.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அவன் வீட்டுக் கூடத்தில் அவன் மகளைப் பெண் பார்க்க வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பையனைப் பெற்றவள், "என்ற பையன் பச்சத் தண்ணியக்கூடக் காய்ச்சித்தான் குடிப்பான், அவனுக்கு எந்நேரமும் அடுப்படியிலயே நிக்கற பொண்ணாத்தான் வேணுமுங்க" என்றாள். பூவாத்தாள் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப எதுக்குங்க பொண்ணு? நல்ல அடுப்பா ஒண்ணு பாத்துத் தாலி கட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்கள். சொன்னது தப்பு என்று பூவாத்தாள் இன்றைக்கு வரைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை தம்பி மகள் சிந்துஜாவே பார்த்துப் பிடித்த பையன். கோயமுத்தூரில் ஒரே ஆபீசில் வேலை செய்கிறார்கள். தரணிதரன் என்று பெயர், அதிகம் பேசாத பிள்ளை. காலையில் சிந்துஜா அத்தை வீட்டுக்கே வந்து, பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றாள். பெற்ற அப்பன் வாங்கின சத்தியத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் பூவாத்தாள் வாயை இறுக்கிக் கட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் திருப்பூரில் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். காரிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வருவதற்குள் ஒரு சாமி ஊர்வலமே போய் வந்துவிடலாம், அவ்வளவு நிதானம். பணக்கார நடை என்று பூவாத்தாள் நினைத்துக்கொண்டாள். அவர் மனைவி ராமாத்தாளும் மற்ற உறவுக்காரர்களும் நேரே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் மட்டும் சுவரோரம் கிடந்த தேக்கு நாற்காலியில் சாய்ந்தார். பெரிய மனுஷன், காப்பி குடித்துவிட்டுக் கீழே வருவார் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜமுக்காளத்தில் பழனிவேலுக்கு எதிரே ஓரிடம் அவருக்காகக் காலியாக இருந்தது.

வினை தொலைக்காட்சியில் இருந்து வந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பனிக்கட்டித் தரைமேல் வழுக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு காலை முன்னால் நீட்டி, ஒற்றைக்காலிலேயே போனாள். பழனிவேலின் மாமனார் வழியில் ஒரு பெருமாள் மாமன் உண்டு. எதைக் கண்டாலும் குழந்தை மாதிரி வாயைப் பிளக்கிறவர், எதைச் சொன்னாலும் நம்பிக் குறுக்கே சந்தேகம் கேட்கிறவர்.

"அட, அந்தப் புள்ள போற போக்கப் பாருங்க!" என்றார் பெருமாள் மாமன்.

சென்னியப்பன் தொலைக்காட்சியை ஒரு தடவை பார்த்தார். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு போக்குங்களா மாமா? நான் போனத நீங்க பாத்திருக்கோணும்."

பூவாத்தாள் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வழியும் என்பார்கள். கூடத்தில் கேழ்வரகுக்கும் பஞ்சமில்லை, கேனையர்களுக்கும் பஞ்சமில்லை.

"நார்வேங்க" என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "பனியன் ஆர்டருக்குப் போயிருந்தேன். அந்தத் தொர சொல்றான், எனக்குச் சரக்கு முக்கியமில்ல, ஆளு முக்கியம், ஐஸ் மேல ஒத்தக் கால்ல குந்திப் போறவன்கிட்டத்தான் ஏவாரம் பண்ணுவேன்னு. நானு ஐஸ கரும்புப் பாலு கடையில பாத்ததோட சரி. சரின்னுட்டேன். கால்ல பூட்ஸ மாட்டி உட்டானுங்க, அடியில கத்தி. சொல்லிக் குடுக்க ஒரு வாத்தியாரம்மா வந்துச்சு. மொதல்ல ரெண்டு கால்லயும் போயிட்டே முட்டிய மடக்கிக் குந்தோணும், கைய முன்னால நீட்டிக்கோணும், அது நல்லாப் பழகுன பொறவு ஒரு கால மெல்ல முன்னால நீட்டோணும், பின்னால சாஞ்சா பொடனி போயிரும், ஆறு மாசம் ஆகும்னுச்சு."

"ஆறு மாசமுங்களா?" என்றார் பெருமாள் மாமன்.

"நான் சொன்னேன், ஏம்மா, எங்கூருல காலம்பற எந்திரிச்ச ஒடனே அத்தன சனமும் இந்த வேலயத்தான் பண்ணுது, இதுக்குப் போயி ஒரு வாத்தியாரான்னு."

கூடம் சிரித்தது. பூவாத்தாளுக்கே உதட்டோரம் துடித்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். புளுகனுக்குச் சிரிக்க வைக்கத் தெரிந்திருந்தால் அவனை வெறுப்பதுகூடச் சுலபமாக இருப்பதில்லை.

"குந்துனேன். கால நீட்டுனேன். அவ்வளவுதானுங்க. வாத்தியாரம்மா மயக்கம் போட்டு உழுந்துச்சு. அந்தம்மாளுக்குத் தண்ணி தெளிக்கறதுக்குள்ள நான் ரெண்டு சுத்து வந்துட்டேன்."

"வழுக்கலீங்களா?"

"வழுக்கறதுதானுங்க மாமா வேலையே!"

பெருமாள் மாமன் நாணிக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். காப்பி வந்தது. பழனிவேல் இதுதான் சமயம் என்று, "சம்மந்தி, நல்ல நேரம் நடக்குதுங்க. அப்பிடியே கீழ வந்துட்டீங்கன்னா..." என்று இழுத்தான்.

"இருங்க சம்மந்தி, இன்னும் கதையே ஆரம்பிக்கல" என்றார் சென்னியப்பன். "குந்தறதுல என்ன இருக்குது? எத்தன தாழக் குந்தறோங்கறதுதான் வித்த. தொர பாக்கறான். நான் எறங்கறேன். இன்னும் எறங்குங்கறான். எறங்கறேன். சட்டப் பாக்கெட்டு ஐஸத் தொடுது. பாக்கெட்டுல பேனா இருந்துச்சு, மூடியில்லாத பேனா. அது ஐஸு மேல கோடு போட்டுட்டே வருது. இன்னிக்கும் அந்தக் கோடு இருக்குதுங்க. அதத்தான் ரெண்டு சில்லாவுக்கு எல்லைன்னு வெச்சு வெவகாரம் தீத்துக்கறாங்க."

"அட சாமி" என்றார் பெருமாள் மாமன்.

"நடுவால ஒரு நாய். அந்தூரு நாய், கன்னுக்குட்டி தண்டி இருக்கும். நிறுத்தறதுக்கு வழியில்ல. நாய்க்கு அடியில பூந்து அந்தப் பக்கம் போயிட்டேன். நாய்க்குத் தூக்கம் கலையல."

"தூக்கமுங்களா? அப்ப நாயி படுத்திருந்துச்சா?"

"பின்ன? நிக்கற நாய்க்கு அடியில போறதுக்கு நான் எதுக்குங்க மாமா? அதக் கொழந்தப் புள்ளைக போகும்."

பூவாத்தாள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். சொல்ல வேண்டியது தொண்டையில் நின்று முட்டியது. தண்ணீரை ஊற்றி அதைக் கீழே தள்ள வேண்டியிருந்தது. படுத்த நாய்க்கு அடியில் போனாராம். அவர் வயிற்றைப் பார்த்தால் படுத்த யானைக்கு அடியில்கூடப் போக முடியாது. ஆனாலும் அந்த மனுஷன் முகத்தில் ஒரு கூச்சம் இருக்கிறதா என்றால், இல்லை. நாய் எழுந்திருக்கவில்லையே என்று நாய்மேல் வருத்தப்படுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது கதை கட்டடத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கதவு சாத்தியிருந்ததாம். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் சென்னியப்பன் புகுந்து போய்விட்டாராம். வெளியே ஏரி, ஏரியைத் தாண்டினால் கடல், இரண்டும் உறைந்து கிடந்தன. ஒற்றைக்காலில் போகிறவர் போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார்.

"வேகமுன்னா வேகம் அப்பிடி வேகம். கத்தி சூடாயிப் பழுத்துப் போச்சு. நான் போற தடத்துல ஐஸு உருகித் தண்ணியாகுது. குளிருக்கு மாட்டிட்டு மாசக்கணக்கா நின்ன கப்பலெல்லாம் அந்தத் தண்ணியில எறங்கி எனக்குப் பின்னாலயே வருது. ஊதறானுங்க, ஊதறானுங்க, ஒரே சத்தம். நான் திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தா சாஞ்சுருவமுங்க, பொடனி போயிரும்னு வாத்தியாரம்மா சொல்லீருக்குதே."

"வாத்தியாரம்மா சொன்னத மதிச்சீங்களே, அது பெருசுங்க" என்றார் பெருமாள் மாமன் உருக்கமாக.

"பக்கத்து நாட்டு எல்ல வந்துருச்சு. ஆபீசருக நிக்கறாங்க. பாஸ்போர்ட்டக் காட்டுங்கறான். பாக்கெட்டுலதான் இருக்குது, பாக்கெட்டுதான் ஐஸோட ஒட்டிட்டு வருதே, எடுக்கறதெப்பிடி? நீட்டியிருந்த கால் பாதத்துல ஓங்கி முத்தரையக் குத்தி அனுப்பிட்டான்."

"அந்த முத்திர இன்னும் இருக்குதுங்களா?"

"குளிச்சா போயிருமுங்களே. தெனமும் குளிக்கறமே." சென்னியப்பன் ஒரு வாய் காப்பி குடித்தார். "வழியில பசி. நிக்க முடியாது. கரையோரம் இருந்த பொம்பளைக பாத்துட்டு, அய்யோ பாவம்னு நீட்டுன கால் மேலயே வாழயெலய விரிச்சுச் சோறு போட்டாங்க."

பெருமாள் மாமனுக்கே இது கொஞ்சம் இடித்தது. "ஏனுங்க, அத்தன பனியில வாழமரம் ஏதுங்க?"

"நான் போன சூட்டுல மொளச்சதுங்க."

கூடத்தில் மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை சிரிப்பு முழுசாக வரவில்லை. பழனிவேல் சிரிக்கவே இல்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். உப்புத் தட்டும் சர்க்கரைத் தட்டும் ஜமுக்காளத்து நடுவில் ஈ மொய்க்காமல் துணி மூடிக் காத்திருந்தன. அவன் மூன்றாவது தடவையாக, "சம்மந்தி, வந்து உக்காந்தீங்கன்னா மாத்திப் போடலாமுங்க, அப்பறம் சாவகாசமாக் கதையக் கேக்கறமுங்க" என்றான்.

"அட, முக்கியமான எடத்துக்கு வந்திருக்கறப்பத்தான் அவசரப்படுத்தறீங்க" என்றார் சென்னியப்பன். நாற்காலியின் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பறமாப் பாருங்க" என்று தொடர்ந்தார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அறிந்தவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். உப்பு வாங்க வேண்டியவர் கீழே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தால் மனசில் குறை இருக்கிறது என்று அர்த்தம். வாயால் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்பதால் பெரியவர்கள் இப்படித்தான் நேரத்தைக் கடத்துவார்கள். ராகு காலம் வந்ததும், அடடா நேரம் தப்பிப் போச்சே, இன்னொரு நாள் பாக்கலாம் என்று எழுந்து போவார்கள். அந்த இன்னொரு நாள் வரவே வராது. ஜமுக்காளத்தில் இருந்த பெண் வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பழனிவேல் எழுந்து சமையலறைக்குள் வந்தான். அக்காவை ஓரமாக இழுத்தான். "நீ ஏதாச்சும் சொன்னயா?"

"நான் வாயே தொறக்கல."

"மூஞ்சியக் காட்டுனயா?"

"மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டு வரவா?"

"பின்ன ஏன்க்கா அந்த மனுசன் எறங்க மாட்டீங்கறாரு?" அவன் குரல் உடைந்தது. தம்பிக்குப் பின்னால் கதவோரம் சிந்துஜா புதுச் சேலையில் நின்றிருந்தாள். அழவில்லை, ஆனால் கண்ணைச் சிமிட்டினால் கண்ணீர் விழுந்துவிடும் என்ற நிலையில் இருந்தாள். அவள் அத்தையைப் பார்த்தாள். கேட்டது ஒரு நாள் மட்டும்தானே அத்த, அதையும் முடியாமல் ஏதாவது செய்துவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. செய்யாத குற்றத்துக்கு அப்படி ஒரு பார்வையை வாங்குவது பூவாத்தாளுக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. நாற்காலியில் இருந்த புளுகு மூட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது.

அவள் வாசற்படிக்கு வந்து அவரையே உற்றுப் பார்த்தாள். இப்போது சென்னியப்பன் கடல் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தார். ஒற்றைக்காலில் குந்திக்கொண்டே மேட்டில் போவதெப்படி என்று பெருமாள் மாமன் கேட்க, இறக்கத்தில் யார் வேண்டுமானாலும் போவான், ஏற்றத்தில் போனதால்தான் பேப்பரில் போட்டான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்பிடிங்க மாமா" என்று நாற்காலியில் இருந்தபடியே இடது காலை நீட்டிக் காட்டினார். நீட்டின வேகத்தில் தோளில் இருந்த துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது.

சென்னியப்பன் துண்டைப் பார்த்தார். குனியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார். பிறகு அது அங்கே இல்லாதது போல மலையேறினார். சட்டைப் பாக்கெட் பனியைத் தொடக் குனிந்தவருக்கு ஒரு முழம் கீழே கிடந்த துண்டு எட்டவில்லை. ஜமுக்காளத்தில் இருந்த ராமாத்தாள் மட்டும் தன்னை அறியாமல் கையை நீட்டி, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மடியில் இழுத்துக்கொண்டாள். அவள் கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்தது. குனியாத உடம்பு, நாற்காலிக் கையை விடாத பிடி, காரிலிருந்து இறங்கி வர எடுத்துக்கொண்ட நேரம் என்று எல்லாம் பூவாத்தாளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

மனுஷனுக்குக் கீழே உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு வந்த கோபம் முன்னைவிடப் பெரிய கோபம். எனக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாதுங்க என்று ஆறு வார்த்தை சொன்னால் என்ன, தலையில் இருக்கிற கிரீடம் கழன்று சாக்கடையில் விழுந்துவிடுமா? இந்த ஊரில் ஐம்பது தாண்டின முட்டி எது வலிக்காமல் இருக்கிறது? அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, நார்வேயையும் நாயையும் கப்பலையும் இழுத்துப் போட்டு மறைத்துக்கொண்டு, பெற்ற மகன் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான் பார், ஆம்பளை! அந்தப் பொண்டாட்டியும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பையன் தரணிதரனோ தலையைத் தொங்கப் போட்டு ஜமுக்காளத்தில் நூல் பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

"கீழ கெடக்கற துண்ட எடுங்க சம்மந்தி." நாக்கின் நுனியில் அது தயாராக நின்றது. சொன்னால் போதும், நார்வே முழுவதும் ஒரு நொடியில் உருகி ஓடிவிடும். சொல்லியிருந்தால் பூவாத்தாள் வாழ்நாளில் சொன்ன பதில்களிலேயே அதுதான் உச்சமாக இருந்திருக்கும். ஆனால் சபையில் மானம் போன சம்பந்தி அப்புறம் உப்பு வாங்குவானா? அந்த உச்சத்துக்கு விலை கதவோரம் புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தது.

பெருமாள் மாமன் துண்டை எடுத்துக் கொடுத்தார். கடிகாரத்தில் இன்னும் கொஞ்ச நேரமே மிச்சம் இருந்தது. பூவாத்தாள் கூடத்துக்குள் வந்து நடுவில் நின்றாள்.

"ஏனுங்க சம்மந்தி" என்றாள்.

பழனிவேல் முகம் வெளிறிப் போனது. சத்தியம் போயிற்று, கல்யாணம் போயிற்று என்று சுவரில் சாய்ந்தான்.

"நீங்க ஒத்தக் கால்ல தாழக் குந்திப் போனவருங்கறத மொதல்லயே சொல்லியிருந்தா உங்களக் கீழ வாங்க கீழ வாங்கன்னு இத்தன தடவ கூப்பிட்டிருப்பமுங்களா? இவுங்களுக்கு வெவரம் பத்தல. எங்க பாட்டன் காளியப்பனுக்கும் அந்த வித்த தெரியுமுங்க."

சென்னியப்பன் கதையை நிறுத்தினார். "அப்பிடிங்களா?" என்றார் சந்தேகமாக. புளுகனுக்கு அடுத்தவன் சொல்வதில் மட்டும் எப்போதும் சந்தேகம்.

"அப்ப ஊட்டியில ஏரி ஒறஞ்சு போச்சு. எங்க பாட்டன் ரெண்டு அருவாளக் கால்ல கட்டிக்கிட்டு எறங்குனாரு. நீங்க பாக்கெட்டுத் தொட்டதோட நிறுத்திட்டீங்க. எங்க பாட்டன் எறங்குன எறக்கத்துல மீசை ஐஸுக்கு அடியில போயி, மீனுகளையெல்லாம் எழுப்பி உட்டுருச்சு. அது கெடக்கட்டுமுங்க. வித்தையில ஒரு கெடுதல் இருக்குது, அது உங்களுக்கே தெரியும். ஒருக்கா அப்பிடிப் போன ஒடம்பு தரையக் கிட்டத்துல கண்டா சும்மா இருக்காது. கால் தன்னால நீளும். ஒடனே கெளம்பிரும்."

"ஆமா... ஆமாங்க" என்றார் சென்னியப்பன் மெதுவாக. எங்கே போகிறாள் இவள் என்று புரியவில்லை, ஆனால் வழி நன்றாக இருக்கிறதே என்று முகம் சொல்லிற்று.

"எங்க பாட்டனுக்கு உப்புச் சர்க்கர மாத்தறன்னைக்கு, தெரியாம அவரக் கொண்டாந்து ஜமுக்காளத்துல உக்கார வெச்சுட்டாங்க. உப்புப் பொட்டலத்தக் கையில வாங்குனாரு. கால் நீண்டுருச்சு. ஜமுக்காளத்தோட வாசல்ல எறங்கி, வாய்க்கா மேட்டுல ஏறி, பாலக்காட்டுக் கணவாயில பூந்து போயே போயிட்டாரு. திரும்பி வர்றப்ப எங்கப்பனுக்குக் காதுகுத்து."

பெருமாள் மாமன் நெற்றியைச் சுருக்கினார். "அது எப்பிடிங்க அம்மிணி? உப்பு மாத்தறன்னைக்கே போயிட்டாருன்னா, உங்கப்பன் எப்பிடி..."

"எங்க அப்பத்தாளும் அதே ஜமுக்காளத்துலதான மாமா உக்காந்திருந்தாங்க."

கூடம் அதிர்ந்து சிரித்தது. ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பூவாத்தாள் சிரிக்கவில்லை. "அன்னைல இருந்து அந்த வித்த தெரிஞ்சவங்கள எங்க ஊட்டுல தரையில உக்கார வெக்கறதில்லீங்க. மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் இருந்து உப்பு வாங்கக் கூடாது, அது நெசம். அதனால நாங்க மேல வந்துருவோம். டேய் பழனி, நிக்காத. ரெண்டு கட்டிலத் தூக்கியா. எதுரும் புதுருமாப் போட்டு ஜமுக்காளத்த அது மேல விரி. சம்மந்தி கெளம்பிட்டார்னா திருப்பூர்ல போயிப் பிடிக்க நம்மளால ஆகாது."

கட்டில்கள் வந்தன. ஜமுக்காளம் கட்டில்மேல் ஏறியது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஓரடி தூரம். தரணிதரன் வந்து அப்பாவின் தோளைத் தாங்கினான், மரியாதைக்குத் தாங்குகிற மாதிரி. சென்னியப்பன் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். பழனிவேல் எதிரே உட்கார்ந்தான். நாலரைக்கு முன்னாலேயே உப்பு அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு வந்தது, சர்க்கரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. பெண்கள் குலவை இட்டார்கள். கதவோரம் நின்றவள் ஓடி வந்து அத்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இதுவரை தேக்கி வைத்ததெல்லாம் அங்கே கொட்டி ரவிக்கை நனைந்தது. பூவாத்தாளுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் இத்தனை நாளாகப் பொய்யர்களைக் கரித்துக் கொட்டிவிட்டு, கடைசியில் செத்துப்போன பாட்டனை அருவாளில் ஏற்றி அனுப்ப வேண்டி வந்ததே என்ற எரிச்சலும் அதே அளவு இருந்தது.

காரியம் முடிந்ததும் ஒரு மனுஷன் நன்றி சொல்வான், இல்லை, சும்மா இருப்பான். சென்னியப்பனுக்கு இரண்டும் ஆகவில்லை. தன்னைவிடப் பெரிய புளுகு ஒன்று அந்தக் கூடத்தில் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி. காளியப்பன்னு சொன்னீங்களே, ஒசரமான ஆளு, பெரிய மீசை?"

"ஆமாங்க."

"நான் அவரப் பாத்திருக்கேன்."

பெருமாள் மாமன் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"அந்த ஒறஞ்ச கடல் மேலதானுங்க. நான் இந்தப் பக்கமிருந்து போறேன், அவரு அந்தப் பக்கமிருந்து வாறாரு. ஜமுக்காளத்துல குந்தியிருக்காரு, கையில உப்புப் பொட்டலம், பக்கத்துல ஒரு அம்மிணி. எனக்கு அப்பவே தெரியும், இவுங்க நம்ம ஒறம்பரை ஆகப் போறாங்கன்னு. பெரியவரு, எதுத்தாப்புல வாறாரு, மரியாதைக்கு ஒரு கும்புடு போடோணுமே, எந்திரிச்சுப் போடலாம்னுதான் பாத்தேன்..."

எல்லோரும் பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டனையே பறித்துக்கொண்டு போய்விட்டாரே, இதற்கு மேல் என்ன சொல்வாள் என்று. சென்னியப்பன் ஜெயித்த முகத்தோடு வெற்றிலையை மென்றார்.

பூவாத்தாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வருகிற மாதிரி அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எந்திரிக்கறதுக்குத்தான் உங்களுக்கு ரெண்டு ஆளு வேணுமுங்களே."

சென்னியப்பன் மெல்வதை நிறுத்தினார். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நார்வேயும் கப்பலும் முகத்திலிருந்து போய், முட்டி வலிக்காரன் ஒருவன் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தான். அப்புறம் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார். ஒரு பக்கம் மகனும் மறு பக்கம் பூவாத்தாளுமாகப் பிடித்து அவரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.